பெருநகரத்தில் நண்பரோடு ஒரு சாயங்காலம்: புதிதாக வந்தவர்களுக்கு

புது ஊரில் வேலையும் வீடும் ஓரளவு நிலைப்பட்ட பிறகு, "இந்த வாரம் எங்கேயாவது போகலாமா?" என்று ஒரு நண்பர் கேட்கிறார். அல்லது நீங்களே கேட்க நினைக்கிறீர்கள். போனைத் திறந்தால் நூற்றுக்கணக்கான இடங்கள், எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி நட்சத்திரங்கள். ஒரு மணி நேரம் தேடிக் களைத்து, "சரி, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். பெருநகரங்களில் சண்டை போட்டுப் பிரிந்த நட்புகளைவிட இப்படி அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தேய்ந்துபோன நட்புகள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்தச் சின்ன விஷயத்துக்கு ஒரு முறை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

பலரும் முதலில் இடத்தைத் தேடுகிறார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். யாரோடு போகிறோம், எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும், எந்தப் பகுதி, என்ன செய்யப் போகிறோம் என்ற நான்கும் முடிவானால், மிஞ்சும் இடங்கள் மூன்றோ நான்கோதான் இருக்கும். அதற்குள் தேர்ந்தெடுப்பது பெரிய வேலை இல்லை.

1. நண்பர் இப்போது எந்த நிலையில் இருக்கிறார்?

ஒரே நண்பர்தான், ஆனால் ஒவ்வொரு வாரமும் அவருக்கு வேண்டியது வேறு. வேலையில் நெருக்கடி, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, ஒரு நல்ல செய்தி வந்திருக்கிறது, அல்லது சும்மா சலிப்பாக இருக்கிறது. மனதில் இருப்பதைக் கொட்டித் தீர்க்க வேண்டியவரைக் கச்சேரிக்கு அழைத்துப் போனால், இரண்டு மணி நேரம் அவர் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். பேசவே தெம்பு இல்லாதவரை எதிரெதிரே உட்காரும் மேசையில் கொண்டுபோய் வைத்தால், அவர் உங்களுக்காகப் பேசிக் களைத்துப்போவார்.

கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். "பேசணுமா, இல்ல எதையாவது பாத்துட்டு வரலாமா?" என்ற ஒரு கேள்வி போதும். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

அதிகம் பழக்கமில்லாத நண்பர் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி மூன்று மணி நேரம் உட்காரும் சந்திப்பு ஆரம்பத்தில் பாரமாக இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் நடப்பதோ, சேர்ந்து எதையாவது பார்ப்பதோ இலகுவானது. பேச்சு ஓய்ந்தால் கண்ணுக்கு முன்னால் ஏதோ ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிப் பேசலாம்.

2. திரும்பும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

புதிதாக வந்தவர்கள் போகும் வழியை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். திரும்பும் வழிதான் நகரத்துக்கு நகரம் பெரிதும் மாறுவது. நியூயார்க் சுரங்க ரயில் 24 மணி நேரமும் ஓடுகிறது. லண்டனில் 2016 முதல் சில தடங்களில், வெள்ளி, சனி இரவுகளில் மட்டும் இரவு முழுக்க ரயில் உண்டு. டோக்கியோவில் நள்ளிரவை ஒட்டிக் கடைசி ரயில் போய்விட்டால், அடுத்தது விடிகாலை ஐந்து மணி வாக்கில்தான். உங்கள் ஊர் இதில் எந்த வகை என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வழி காட்டும் ஆப்பில் இப்போதைய நேரத்துக்குப் பதிலாக இரவு 10:30 என்று போட்டுத் திரும்பும் வழியைத் தேடுங்கள். பகலில் 30 நிமிடம் காட்டும் அதே பாதை, இரவில் ரயில்களின் இடைவெளி கூடியதும் ஒரு மணி நேரமாக மாறியிருக்கலாம். வார இறுதிகளில் பராமரிப்புக்காகத் தடங்களை மூடுவதும் உண்டு.

அப்புறம் பின்னோக்கி வாருங்கள். மறுநாள் காலையில் வேலை, பதினோரு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும், பயணம் 45 நிமிடம் என்றால் 10:15க்குக் கிளம்பியாக வேண்டும். ஆறரைக்குச் சந்தித்தால் கையில் இருப்பது மூன்றே முக்கால் மணி நேரம். அதற்குள் இரண்டு விஷயங்கள்தான் நிம்மதியாக அடங்கும். மூன்றாவதைத் திணித்தால் சாயங்காலம் முழுக்க மணியைப் பார்த்துக்கொண்டே ஓட வேண்டும். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: முதன்மையான ஒன்று, அதோடு அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேச ஒரு இடம். அதற்கு மேல் வேண்டாம்.

3. பகுதி: தூரத்தில் நடு வேண்டாம், நேரத்தில் நடு வேண்டும்

வரைபடத்தில் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் இருக்கும் இடம், ஒருவருக்கு நேரடி ரயிலும் இன்னொருவருக்கு இரண்டு தடவை ரயில் மாறுவதுமாக அமைந்துவிடலாம். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே பயண நேரம் ஆகும் இடத்தைப் பாருங்கள். இரண்டு தடங்கள் சேரும் நிலையத்தைச் சுற்றி அரை மணி நேரத்தில் நடந்துவிடக்கூடிய வட்டம் பெரும்பாலும் சரியாக வரும். நிதானமாக நடந்தால் ஒரு கிலோமீட்டருக்கு 12 முதல் 15 நிமிடம் ஆகும். இதை வைத்து எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு நடந்தே போகலாம் என்று கணக்குப் போடலாம்.

நகரம் முழுவதையும் ஒரே மாதத்தில் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை புதிதாக வந்தவர்களுக்கு இருக்கும். அந்த ஆசையைத் தனியாகப் போகும் நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நண்பரோடு போகும்போது ஓரளவு தெரிந்த பகுதியே நல்லது. வழி தேடிப் போனையே பார்த்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் நடப்பவரோடு எப்படிப் பேசுவது?

4. என்ன செய்வது?

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் சாயங்காலத்தின் தன்மையைத் தீர்மானிப்பது இதுதான்.

*பேசுவதற்காக என்றால்* முதலில் பார்க்க வேண்டியது சத்தம். சாப்பாட்டின் சுவையும் உள் அலங்காரமும் அதற்கு அப்புறம்தான். இரண்டு பேர் ஒரு மீட்டர் தூரத்தில் சாதாரணமாகப் பேசும்போது ஒலி சுமார் 60 டெசிபல். சுற்றியுள்ள சத்தம் அதைத் தாண்டிப் போனால் குரலை உயர்த்த வேண்டியிருக்கும். பக்கத்து மேசைக்காரரும் உயர்த்துவார், அவருக்குப் பக்கத்தில் இருப்பவரும். சத்தத்தில் நாம் அறியாமலேயே குரலை உயர்த்துவதை எத்தியென் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு காது மூக்கு தொண்டை மருத்துவர் 1911இல் எழுதினார். அவர் பெயரிலேயே அது லொம்பார்ட் விளைவு என்று அழைக்கப்படுகிறது. ஏழு மணிக்கு அமைதியாக இருந்த இடம் எட்டரை மணிக்குக் கூச்சலாக மாறுவதில் இதற்கும் பங்கு உண்டு.

போகும் முன்பே ஓரளவு கண்டுபிடிக்கலாம். படங்களைப் பாருங்கள். வெறும் சிமென்ட் தரை, கண்ணாடிச் சுவர், உயர்ந்த கூரை, நெருக்கி வைத்த மேசைகள் என்றால் சத்தம் எதிரொலித்துக்கொண்டே இருக்கும். திரைச்சீலை, கம்பளம், மெத்தை வைத்த இருக்கை, புத்தக அலமாரி இருந்தால் அவை ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். விமர்சனங்களில் "சத்தம்", "இசை" என்று தேடிப் பாருங்கள். முன்பதிவு செய்யும்போது, "ஸ்பீக்கருக்கும் சமையலறைக் கதவுக்கும் தள்ளி, ஓரமாக ஒரு டேபிள் கிடைக்குமா?" என்று கேளுங்கள். ஒரு பக்கமாவது சுவர் இருக்கும் மூலை நல்லது. நண்பருக்குக் காது சற்று மந்தம் என்றால், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்காருங்கள். உதட்டசைவைப் பார்ப்பது அவருக்குப் பெரிய துணை.

நேரத்தை முன்னால் நகர்த்துவது இன்னும் எளிது. கூட்டம் சேர்வதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போனால் அதே இடம் அமைதியாகவும் கவனிப்போடும் இருக்கும். கூகுள் மேப்ஸில் பல இடங்களுக்கு எந்த மணிக்குக் கூட்டம் என்று பட்டைகளாகக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நேரத்தை வையுங்கள்.

*நடப்பதற்காக என்றால்* ஆற்றங்கரை, கடலோரம், பெரிய பூங்கா, பழைய தெருக்கள் என்று ஏதாவது ஒன்று பெரும்பாலான பெருநகரங்களில் இருக்கும். செலவில்லாதது என்பதற்காக இதை இரண்டாம் தரமாக நினைக்காதீர்கள். மனதில் பாரம் உள்ள நண்பருக்கு நான் முதலில் சொல்வது நடையைத்தான். சூரிய அஸ்தமனம் பார்ப்பதாக இருந்தால் அரை மணி நேரம் முன்னதாக அங்கே இருங்கள், மறைந்ததும் கிளம்பிவிடாதீர்கள். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 பாகை (டிகிரி) இறங்கும்வரை வானத்தில் வெளிச்சம் மிஞ்சியிருக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இது 20 நிமிடத்துக்குச் சற்று மேல், வடக்கே தெற்கே போகப் போக நீளும். வானத்தில் நிறங்கள் மாறுவதும் ஊரின் விளக்குகள் எரியத் தொடங்குவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். நடைக்கு ஒரு முடிவிடம் இருக்கட்டும். "எங்கே திரும்புவது?" என்ற தயக்கம் வராது.

*பார்ப்பதற்காக என்றால்* சினிமா, நாடகம், கச்சேரி, விளையாட்டு, அருங்காட்சியகம். சினிமாவும் நாடகமும் பேச்சைத் தள்ளிவைக்கும், அதனால் அவற்றை முன்னால் வைத்து, பேசுவதற்குப் பின்னால் நேரம் விடுங்கள். மாலை ஆறு மணிக் காட்சி, அப்புறம் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பேச்சு என்றால் நன்றாக இருக்கும். ஒன்பது மணிக் காட்சிக்குப் போனால் வெளியே வந்ததும் ஆளுக்கு ஒரு திசையில் ஓட வேண்டியதுதான்.

அருங்காட்சியகங்களைப் பலர் பகல் நேர வேலையாக நினைக்கிறார்கள். ஆனால் வாரத்தில் ஓரிரு நாள் இரவிலும் திறந்திருக்கும் அருங்காட்சியகங்கள் நிறைய உண்டு. பாரிஸின் லூவர் புதன், வெள்ளிக் கிழமைகளில் இரவு ஒன்பது மணிவரை திறந்திருக்கிறது. லண்டனின் பிரிட்டிஷ் மியூசியம் வெள்ளிக்கிழமைகளில் எட்டரை மணிவரை. அந்த நேரத்தில் பள்ளிக் கூட்டங்கள் இருக்காது. மெல்லப் பேசிக்கொண்டே நடக்கலாம், எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். அதிகம் பழகாத நண்பரோடு போக இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. வார விடுமுறை எந்த நாள் என்பதை மட்டும் பார்த்துவிடுங்கள். லூவருக்கு அது செவ்வாய்.

*கையால் ஏதாவது செய்வதற்காக என்றால்* மண்பாண்டம் வனையும் வகுப்பு, பலகை விளையாட்டு, பந்து உருட்டும் பௌலிங், சமையல் வகுப்பு என்று தேடலாம். இவை கலகலப்பானவை, ஆனால் முன்கூட்டியே இடம் பிடிக்க வேண்டும், கேன்சல் செய்தால் பணம் திரும்பாத இடங்கள் பல. நண்பர் அடிக்கடி கடைசி நேரத்தில் வேலையில் மாட்டிக்கொள்பவர் என்றால் இதைத் தவிருங்கள்.

5. கேட்கும் விதம்

திட்டங்கள் உடைவது பெரும்பாலும் இங்கேதான். "எங்க போலாம்?" "எனக்கு எங்கன்னாலும் ஓகே, நீ சொல்லு." "எனக்கும் ஓகேதான், நீயே சொல்லு." இரண்டு பேரும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் முடிவெடுக்கும் சுமையை மாறி மாறி அடுத்தவர் தலையில் வைக்கிறார்கள்.

இதைவிடக் கெட்டது ஒன்று இருக்கிறது. ஜெர்ரி ஹார்வி என்ற அமெரிக்க நிர்வாகவியல் பேராசிரியர் 1974இல் தன் குடும்பத்தில் நடந்ததை எழுதினார். டெக்சஸில் கோல்மன் என்ற சிற்றூர், கொளுத்தும் வெயில். வீட்டில் எல்லோரும் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும்போது மாமனார், அபிலீன் நகரத்துக்குப் போய்ச் சாப்பிடலாமே என்கிறார். ஒருவர் பின் ஒருவராகச் சரி என்கிறார்கள். ஏசி இல்லாத காரில் புழுதியில் 53 மைல் போய், சுமாரான சாப்பாடு சாப்பிட்டு, களைத்துத் திரும்புகிறார்கள். அப்புறம்தான் தெரிகிறது, யாருக்குமே போக விருப்பம் இருக்கவில்லை. மற்றவர்களுக்குச் சலிப்பாக இருக்குமோ என்று நினைத்துத்தான் மாமனாரே சொல்லியிருக்கிறார். அபிலீன் முரண் என்று இதைச் சொல்கிறார்கள். நண்பர்களுக்குள் இது நடக்க இரண்டே பேர் போதும்.

தப்பிக்க வழி, தெளிவாகக் கேட்பதும் மறுப்பதற்கு இடம் விடுவதும். நாள், நேரம், பகுதி, இரண்டு வாய்ப்புகள், முடியும் நேரம் எல்லாம் ஒரே செய்தியில் இருக்கட்டும்:

"வியாழக்கிழமை ஆறரைக்கு ஆத்தங்கரை ஸ்டேஷன்ல பாக்கலாமா? கொஞ்ச தூரம் நடந்துட்டு எங்கேயாவது உக்காரலாம், இல்லன்னா மியூசியம் அன்னிக்கு லேட்டா தெறந்திருக்கும். எனக்கு நடைதான் இஷ்டம். பத்து மணிக்குக் கிளம்பிடலாம். ரெண்டும் சரிவரலன்னா சொல்லு, வேற பாப்போம்."

இதில் உங்கள் விருப்பத்தையும் சொல்லிவிட்டீர்கள், மறுப்பதற்கும் வழி விட்டீர்கள். இரண்டுக்கு மேல் வாய்ப்பு கொடுக்க வேண்டாம். ஷீனா ஐயங்கரும் மார்க் லெப்பரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், கடையில் 24 வகை ஜாம் வைத்தபோது சுவைக்க வந்தவர்களில் 3 சதவீதம் பேர்தான் வாங்கினார்கள். 6 வகை வைத்தபோது 30 சதவீதம் பேர் வாங்கினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இதே முடிவு கிடைக்கவில்லை. ஆனாலும் வேலை முடிந்து களைத்திருப்பவருக்குப் பத்து லிங்க் அனுப்பினால் பதில் வராது என்பது யாருக்கும் தெரிந்ததுதான்.

6. பணம்

முன்கூட்டியே பேசிவிடுங்கள். இரண்டு பேரின் வருமானமும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. புதிதாக வந்தவர் முன்பணம், வீட்டுச் சாமான் என்று ஏற்கெனவே நிறையச் செலவு செய்திருப்பார். "இந்த மாசம் கை கொஞ்சம் கடி, சிம்பிளா போலாம்" என்று சொல்வதில் எந்தக் குறைவும் இல்லை. வசதியானவர் நீங்கள் என்றால், விலை குறைந்த வாய்ப்பை முதலில் நீங்களே முன்வையுங்கள். மற்றவர் கேட்க வேண்டிய நிலை வராது. பில் வந்ததும் தடுமாறாமல் இருக்க, பாதிப் பாதியா, அவரவர் சாப்பிட்டதற்கு அவரவரா, இந்தத் தடவை ஒருவர் அடுத்த தடவை மற்றவரா என்பதைக் கிளம்பும் முன் ஒரு வரியில் முடித்துக்கொள்ளலாம்.

நாடகம் பார்க்கும் ஆசை உண்டு, டிக்கெட் விலைதான் தடை என்றால், விற்காத இருக்கைகளை அன்றே குறைந்த விலைக்குத் தரும் ஏற்பாடு உங்கள் ஊரில் உண்டா என்று விசாரியுங்கள். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 1973 முதல் இதற்கென்றே ஒரு கவுண்டர் இருக்கிறது.

7. முந்தின நாள்

திறந்திருக்கிறதா என்று அந்த இடத்தின் இணையப் பக்கத்திலேயே பாருங்கள், அல்லது போன் செய்யுங்கள். பழைய விமர்சனங்களை நம்பிப் போக வேண்டாம். மழைக்கு ஒரு மாற்று இருக்கட்டும், அதுவும் அதே பகுதியில் இருக்கட்டும். நண்பருக்கோ உங்களுக்கோ படி ஏறச் சிரமம் என்றால், அந்த நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறதா, இன்று வேலை செய்கிறதா என்பதையும் பாருங்கள். சந்திக்கும் இடத்தைக் குறிப்பாகச் சொல்லுங்கள். பெரிய நிலையத்துக்குப் பத்து வாசல் இருக்கும், "மூன்றாம் எண் வாசல், மேலே" என்றால் குழப்பம் இல்லை. போனில் சார்ஜ், கையில் பவர் பேங்க், வசதியான செருப்பு. அவ்வளவுதான்.

பழக்கம் குறைந்தவரோடு போகிறீர்கள் என்றால், எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வேறொருவரிடம் சொல்லிவிடுங்கள். தனியாக இரவில் திரும்பும்போது லொகேஷனைப் பகிர்ந்துகொள்வது நல்லது. பெரிய நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வரும்போது டாக்சி ஆப்களில் கட்டணம் ஏறும். வெளிச்சமான பெரிய தெருவில் பத்து நிமிடம் நடந்து, நெரிசலைத் தாண்டி வண்டி கூப்பிட்டால் காத்திருப்பும் செலவும் குறைய வாய்ப்பு உண்டு.

8. அங்கே போன பிறகு

திட்டத்தைப் பிடித்துத் தொங்க வேண்டாம். நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்தபோது பேச்சு சூடுபிடித்துவிட்டால், முன்பதிவு இல்லாத அடுத்த இடத்தை விட்டுவிடுங்கள். சந்திக்க வந்தது பேசத்தானே? மாறாக, போன இடம் தாங்க முடியாத கூச்சலாக இருந்தால், ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே எழுந்துவிடுங்கள். உட்கார்ந்துவிட்டோமே என்று பொறுத்துக்கொண்டால் அந்த இரண்டு மணி நேரமும் வீண்.

முடிப்பதற்கும் கவனம் வேண்டும். 2021இல் ஆடம் மாஸ்ட்ரோயானியும் அவரோடு சேர்ந்தவர்களும் வெளியிட்ட ஆய்வில், இருவரும் விரும்பிய நேரத்திலேயே முடிந்த உரையாடல்கள் சுமார் 2 சதவீதம்தான். ஒருவர் எப்போது கிளம்ப நினைக்கிறார் என்பதை மற்றவரால் சரியாக ஊகிக்க முடிவதில்லை. முதல் செய்தியிலேயே முடியும் நேரத்தைச் சொல்லிவைக்கச் சொன்னது இதற்காகத்தான். அந்த நேரம் வந்ததும், "நான் சொன்ன பத்து மணி ஆயிடுச்சு, கிளம்பலாமா, இல்ல இன்னும் அரை மணி நேரம் இருக்கலாமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். இருவருக்கும் நிம்மதி.

9. அடுத்தது

கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பர் ஆவதற்குச் சேர்ந்து கழிக்கும் நேரம் சுமார் 50 மணி, நெருங்கிய நண்பர் ஆவதற்கு 200 மணிக்கு மேல். எல்லோருக்கும் இதே கணக்கு பொருந்த வேண்டும் என்று இல்லை. ஆனால் ஆண்டுக்கு ஒரு பிரமாதமான இரவைவிட, மாதம் இரண்டு சாதாரண சாயங்காலங்கள் நட்புக்கு அதிகம் செய்யும் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் பிரியும் முன்பே அடுத்த நாளைக் குறித்துவிடுங்கள். இந்தத் தடவை நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள் என்றால் அடுத்தது அவர் முறை. போன இடம் பிடித்திருந்தால், எந்த நிலையம், எந்த மேசை அமைதியாக இருந்தது, எத்தனை மணிக்குக் கூட்டம் சேர்ந்தது என்று போனில் இரண்டு வரி எழுதி வையுங்கள். இப்படி நாலைந்து இடங்கள் சேர்ந்துவிட்டால், அடுத்த தடவை யாராவது "இன்னிக்கு சாயங்காலம் ஃப்ரீயா?" என்று கேட்கும்போது ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.